குறுக்கே ஒரு குறிப்பு, நெடுக்கே ஒரு குறிப்பு

ஒரு பறவையின் பெயர். மூன்று எழுத்து. என்னவென்று சொல்லுங்கள் பார்க்கலாம்!

காகம், கழுகு, கொக்கு, ஆந்தை, வாத்து, மயில், குயில், சேவல்... அடுக்கிக்கொண்டே போகலாம். எல்லாமே பறவைதான், எல்லாமே மூன்று எழுத்துதான். இதில் எதை எழுதுவது? இந்த ஒரு குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. எவ்வளவு பெரிய அறிவாளியாக இருந்தாலும் முடியாது.

கணக்கு நோட்டையும் ஒரு பென்சிலையும் எடுங்கள். பறவைக்காக இடமிருந்து வலமாக மூன்று கட்டம் வரையுங்கள். அதன் கடைசிக் கட்டத்துக்கு மேலே இன்னும் இரண்டு கட்டம் வரையுங்கள். முதல் கட்டத்துக்குக் கீழே மூன்று கட்டம் வரையுங்கள். இப்போது மேலிருந்து கீழாக இரண்டு சொற்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஒன்று, பறவையின் கடைசி எழுத்தில் வந்து முடியும். இன்னொன்று, பறவையின் முதல் எழுத்தில் தொடங்கும்.

குறிப்புகள் இவை:

உப்புத் தண்ணீரும் ஓயாத அலையும் உள்ள இடம் (3 எழுத்து).

காய்ச்சல் வந்தால் டாக்டர் எழுதிக் கொடுப்பது (4 எழுத்து).

முதல் குறிப்பு சுலபம். கடல்! க, ட, ல் என்று மேலிருந்து கீழாக எழுதுங்கள். பறவையின் கடைசி எழுத்து ‘ல்’ என்று தெரிந்துவிட்டது. உடனே காகமும் கழுகும் கொக்கும் ஆந்தையும் வாத்தும் பறந்து போய்விட்டன. மிச்சம் மயில், குயில், சேவல்.

அடுத்த குறிப்புக்கு வருவோம். டாக்டர் எழுதிக் கொடுப்பது மாத்திரை. மா, த், தி, ரை. நான்கு எழுத்து, சரியாகப் பொருந்துகிறது. எழுதிவிடலாமா? எழுதினால் பறவையின் முதல் எழுத்து ‘மா’ ஆகிவிடும். ‘மா’வில் தொடங்கி ‘ல்’லில் முடியும் மூன்றெழுத்துப் பறவை நம் பட்டியலில் உண்டா? இல்லை. அப்படியானால் மாத்திரை தவறு. அழியுங்கள். வேறென்ன? மருந்து! ம, ரு, ந், து. அதுவும் நான்கு எழுத்துதான். இப்போது பறவை யாரென்று தெரிந்துவிட்டது, மயில்!

இங்கே நடந்ததைக் கவனித்தீர்களா? மருந்தா, மாத்திரையா என்ற குழப்பத்தைப் பறவை தீர்த்து வைத்தது. பறவை எது என்ற குழப்பத்தை மருந்து தீர்த்து வைத்தது. தனித்தனியாக நின்றபோது இரண்டு குறிப்புமே அரைகுறை. ஒரு கட்டத்தில் சந்தித்தபோது இரண்டுமே உறுதியாகிவிட்டன. குறுக்கெழுத்தின் மொத்தச் சுவையும் அந்தச் சந்திப்பில்தான் இருக்கிறது. அறிவியல் வேலை செய்யும் விதமும் இதேதான். எப்படி என்று பார்ப்போம்.

முதல் கட்டம் போட்டவர்

ஆர்தர் வின் என்பவர் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தவர். அமெரிக்காவுக்குப் போய் ‘நியூயார்க் வேர்ல்டு’ என்ற செய்தித்தாளில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வேடிக்கைப் பக்கத்துக்குப் புதிதாக ஏதாவது வேண்டும் என்று யோசித்து, 1913 டிசம்பர் 21 அன்று வைர வடிவத்தில் ஒரு கட்டப் புதிரை வெளியிட்டார். இன்று நாம் போடும் குறுக்கெழுத்துகள் அதன் வழி வந்தவைதான்.

1924-இல் சைமன், ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் புத்தகப் பதிப்பகம் தொடங்கினார்கள். அவர்கள் போட்ட முதல் புத்தகமே குறுக்கெழுத்துப் புத்தகம்தான். அதோடு ஒரு பென்சிலையும் இணைத்து விற்றார்கள். அமெரிக்கா முழுவதும் பைத்தியமாய்ப் பிடித்துக்கொண்டது. அந்தச் சிறு பதிப்பகம் இன்று உலகின் பெரிய பதிப்பகங்களில் ஒன்று.

தமிழ்க் கட்டத்தின் தனிக் குணம்

ஆங்கிலத்தில் 26 எழுத்து. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக மொத்தம் 247. ஆங்கிலக் கட்டத்தில் ஓர் எழுத்து தெரிந்தால் 26-இல் ஒன்று தெரிந்ததாக அர்த்தம். தமிழ்க் கட்டத்தில் ‘யி’ என்று ஒரே ஒரு கட்டம் தெரிந்தாலே ய் என்ற மெய்யும் இ என்ற உயிரும் சேர்ந்து கிடைத்துவிடுகின்றன. அதனால் தமிழில் ஒரு சந்திப்பு நிறையச் சொல்லிவிடும். மருந்தையும் மாத்திரையையும் பிரித்தது ம, மா என்ற ஒரு கட்ட வித்தியாசம்தானே!

புதிர் போடுபவருக்கு மட்டும் கஷ்டம் அதிகம். தமிழ்ச் சொல் எதுவும் மெய்யெழுத்தில் தொடங்காது. டாக்டர், டிபன் மாதிரி வெளியிலிருந்து வந்த சொற்களை விட்டுவிட்டால் ட, ண, ள, ழ, ற, ன வரிசை எழுத்துகளிலும் தொடங்காது. ஆனால் ம், ல், ள், ன், ர் என்று முடியும் சொற்கள் ஏராளம். மயிலின் ‘ல்’ கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல்லைத் தொடங்கவே முடியாது. மேலிருந்து வரும் சொல் அங்கே முடியலாம். கீழிருந்து மேலே ஏறி வரும் சொல்லும் அங்கே முடியலாம். ‘பகல்’ என்று கீழிருந்து எழுதிப் பாருங்கள், அழகாகப் பொருந்தும். நம் பத்திரிகைக் குறுக்கெழுத்துகளில் ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’ என்றும் தலைப்புகள் வரும் அல்லவா? அந்த வழியும் திறந்திருப்பதால்தான் புதிர் போடுபவரால் இந்தக் கட்டுப்பாட்டைச் சமாளிக்க முடிகிறது.

ஓட்டை விழுந்த சொல்லைப் படிப்பது எப்படி?

இதைப் படியுங்கள்: ப_ளிக்கூ_ம்.

பள்ளிக்கூடம் என்று தயங்காமல் படித்திருப்பீர்கள். இரண்டு எழுத்து காணாமல் போயும் சொல் காணாமல் போகவில்லை. ஏன்? எழுத்துகள் தம் இஷ்டத்துக்கு வந்து உட்காருவதில்லை. ‘கொக்’ என்று பார்த்ததும் அடுத்தது க, கா, கி, கு என்று ககர வரிசையில்தான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பக்தி, சக்தி போன்ற வடசொற்களை ஒதுக்கிவிட்டால், தமிழில் ‘க்’குக்குப் பின்னால் ககரம்தான் வரும். ஓர் எழுத்து பக்கத்து எழுத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறது. இந்தக் குணத்துக்கு மிகைத்தன்மை என்று பெயர்.

இதைக் கணக்குப் போட்டு அளந்தவர் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணித மேதை. 1948-இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் இன்றைய செல்போன், இன்டர்நெட் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அவ்வளவு பெரிய கட்டுரையில் அவர் குறுக்கெழுத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார்!

அவர் சொன்னது இதுதான். ஒரு மொழியில் மிகைத்தன்மையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது எந்த எழுத்துகளை எப்படிச் சேர்த்தாலும் அது ஒரு சொல்லாக இருக்கும். கட்டத்தில் எதை நிரப்பினாலும் அது குறுக்கெழுத்து ஆகிவிடும். தவறு என்பதே இல்லாத இடத்தில் விளையாட்டு ஏது? மிகைத்தன்மை அளவுக்கு மீறி இருந்தாலும் சிக்கல். கட்டுப்பாடுகள் இறுகிப்போய், பெரிய குறுக்கெழுத்துகளை அமைக்கவே வழி இருக்காது. ஆங்கிலத்தில் ஏறத்தாழ பாதி மிகைத்தன்மை இருப்பதாக அவர் மதிப்பிட்டார். மிகைத்தன்மை அந்த அளவில் இருந்தால் பெரிய குறுக்கெழுத்துகளை ஒருவாறு அமைத்துவிட முடியும் என்றும் காட்டினார்.

இந்த மிகைத்தன்மை உங்கள் தெருவிலேயே வேலை செய்கிறது. மளிகைக் கடையில் பணம் கட்ட ஒட்டி வைத்திருக்கும் கியூஆர் கோடைப் பாருங்கள். அது 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் உருவானது. கொஞ்சம் கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்து கிடந்தாலும் பல நேரம் போன் அதைப் படித்துவிடுகிறது. சொல்ல வேண்டிய செய்தியோடு, அந்தச் செய்தியிலிருந்தே கணக்கிட்ட கூடுதல் குறிகளையும் அதில் சேர்த்து அச்சடிக்கிறார்கள். ஒரு பகுதி அழிந்தால் மற்ற பகுதிகளிலிருந்து அதை மீட்டுவிடலாம். மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையில் ஏறத்தாழ 30 சதவீதம் சேதமானாலும் மீட்க முடியும். ‘ப_ளிக்கூ_ம்’ என்று நீங்கள் படித்த அதே வேலையைத்தான் போன் கணக்கு மூலம் செய்கிறது.

“வாய் வரைக்கும் வந்துவிட்டது!”

குறுக்கெழுத்துப் போடும்போது அடிக்கடி இப்படிச் சொல்வோம். விடை தெரியும், ஆனால் வராது. நாக்கு நுனியில் நிற்கும்.

1966-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் பிரௌன், டேவிட் மெக்நீல் ஆகிய இருவரும் இதை ஆராய்ந்தார்கள். மாணவர்களுக்கு அபூர்வமான சொற்களின் பொருளை மட்டும் படித்துக் காட்டி, சொல்லைக் கேட்டார்கள். சிலர் நாக்கு நுனியில் சொல்லை வைத்துக்கொண்டு தவித்தார்கள். அவர்களிடம், “முதல் எழுத்தையாவது சொல்லுங்கள்” என்றபோது பாதிக்கு மேற்பட்ட தடவை சரியாகச் சொன்னார்கள்! சொல் எவ்வளவு நீளம் என்பதையும் பெரும்பாலும் ஊகித்துவிட்டார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மூளை ஒரு சொல்லை ஒரே மூட்டையாகக் கட்டி வைப்பதில்லை. பொருள் ஓரிடம், ஓசை ஓரிடம் என்று பிரித்து வைத்து, இணைப்புகளால் கோத்து வைக்கிறது. பொருள் வழியாகப் போய்ச் சொல்லை எட்ட முடியாதபோது எழுத்து வழியாகப் போகலாம். குறுக்கே வரும் ஓர் எழுத்து கிடைத்ததும் சொல் பளிச்சென்று வந்து விழுவது அதனால்தான்.

இன்னொரு விளையாட்டு பார்ப்போம். கண், நெல், பாசி. மூன்றுக்கும் பின்னால் ஒரே சொல்லைச் சேர்க்க வேண்டும். எது அந்தச் சொல்? யோசியுங்கள், அவசரம் இல்லை.

மணி! கண்மணி, நெல்மணி, பாசிமணி.

அட, என்று ஒரு நொடியில் முகம் மலர்ந்ததா? அந்த நொடியில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று மார்க் பீமன், ஜான் கூனியோஸ் ஆகிய அமெரிக்க விஞ்ஞானிகள் தங்கள் குழுவோடு அளந்து பார்த்து 2004-இல் வெளியிட்டார்கள். இதே மாதிரி மூன்று சொல் புதிரைத்தான் கொடுத்தார்கள். விடை திடீரென்று உதித்தவர்களின் மூளையில், வலது காதுக்குச் சற்று மேலே உள்ள பகுதியில், வேகமான மின்னலைகள் சட்டென்று எழுந்தன. “கிடைத்துவிட்டது” என்று அவர்கள் பொத்தானை அழுத்துவதற்கு ஏறத்தாழ 0.3 நொடிக்கு முன்பே இது நடந்துவிட்டது. தொலைவில் கிடக்கும் எண்ணங்களை ஒன்றோடொன்று இணைப்பதில் அந்தப் பகுதிக்குப் பங்கு உண்டு.

நீங்களே கண்டுபிடித்த விடை எளிதில் மறக்காது. கனடாவின் ஸ்லமெக்கா, கிராஃப் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். சிலருக்குச் சொல்லை முழுதாக எழுதிப் படிக்கக் கொடுத்தார்கள். சிலருக்கு ஒரு குறிப்பையும் முதல் எழுத்தையும் மட்டும் கொடுத்து, சொல்லை அவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பிறகு சோதித்தபோது, தாமே கண்டுபிடித்தவர்களுக்குத்தான் சொற்கள் நன்றாக நினைவிருந்தன. பரீட்சைக்குப் படிக்கும்போது விடையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு விடையைச் சொல்ல முயல்வது மேல்.

உலகமே ஒரு கட்டம்

ரஷ்ய வேதியியல் அறிஞர் மெண்டலீவ் 1869-இல் தனிமங்களை ஓர் அட்டவணையில் அடுக்கினார். குணம் ஒத்த தனிமங்கள் ஒரே குடும்பமாக அமைந்தன. அடுக்கும்போது சில கட்டங்கள் காலியாக நின்றன. அவர் அவற்றை ஏதாவது போட்டு நிரப்பவில்லை. “இங்கே வர வேண்டிய தனிமத்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை” என்று துணிந்து சொன்னார். மேலேயும் கீழேயும் பக்கத்திலும் உள்ள தனிமங்களை வைத்து, அது எப்படி இருக்கும் என்றும் கணித்தார்.

அவர் செய்த கணக்கை நீங்களும் செய்யலாம். அட்டவணையில் செலினியத்தின் கட்டத்தை விரலால் மூடிக்கொள்ளுங்கள். அதற்கு மேலே கந்தகம், அணு நிறை 32. கீழே டெலூரியம், 128. இடப்பக்கம் ஆர்சனிக், 75. வலப்பக்கம் புரோமின், 80. நான்கையும் கூட்டினால் 315. நான்கால் வகுத்தால் 78.75. இப்போது விரலை எடுங்கள். செலினியத்தின் அணு நிறை ஏறத்தாழ 79!

1875-இல் பிரான்ஸ் நாட்டின் லெகாக் டி புவாபோத்ரன் ஒரு புதிய உலோகத்தைக் கண்டுபிடித்தார். பெயர் காலியம். 30 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்திலேயே உருகும், உள்ளங்கையில் வைத்தாலே தண்ணீராக ஓடும் உலோகம் அது. காலியாக இருந்த கட்டம் ஒன்றில் அது அப்படியே பொருந்தியது. ஆனால் அதன் அடர்த்தி 4.7 என்று அவர் அளந்திருந்தார். மெண்டலீவின் கணிப்போ 5.9. அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத மெண்டலீவ், “உங்கள் மாதிரி சுத்தமாக இருக்காது, மறுபடி அளந்து பாருங்கள்” என்று எழுதினார். சுத்தப்படுத்தி மறுபடி அளந்தார்கள். வந்த விடை 5.9. மயில் வந்து மாத்திரையை அழிக்கச் சொன்னதுபோல, அண்டைக் கட்டங்கள் சேர்ந்து ஒரு தவறான அளவை அழிக்க வைத்தன.

இன்னொரு கதை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. ‘டெய்லி டெலிகிராஃப்’ என்ற லண்டன் செய்தித்தாள் 1942 ஜனவரியில், 12 நிமிடத்துக்குள் குறுக்கெழுத்தை முடிக்க முடியுமா என்று ஒரு போட்டி வைத்தது. போட்டிக்கு வந்தவர்களில் சிலருக்குப் பிறகு அரசாங்கத்திடமிருந்து ரகசியக் கடிதம் வந்தது. பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் எதிரியின் ரகசியச் செய்திகளை உடைக்கும் வேலை! ஜெர்மானியர் தங்கள் செய்திகளை ரகசிய எழுத்தாக மாற்றப் பயன்படுத்திய எனிக்மா இயந்திரத்தில் ஒரு பலவீனம் இருந்தது. எந்த எழுத்தையும் அது அதே எழுத்தாக மாற்றாது. எனவே ‘இந்தச் சொல் இங்கே இருக்கலாம்’ என்று ஊகித்து, அதை ரகசியச் செய்தியின் கீழே வைத்துப் பார்ப்பார்கள். எங்காவது மேலும் கீழும் ஒரே எழுத்து வந்தால் அந்த இடம் தவறு, அடுத்த இடத்துக்கு நகர்த்து. ஒவ்வாததைத் தள்ளித் தள்ளித்தான் உண்மையை நெருங்கினார்கள்.

நம் வீட்டுக் கட்டம்

ராத்திரி திடீரென்று விளக்கு அணைகிறது. கரண்ட் போய்விட்டதா, பல்பு போய்விட்டதா? ஒரு குறிப்பு மட்டும் போதாது. மின்விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் பல்பின் மேல் சந்தேகம். அதுவும் நின்றிருந்தால் ஜன்னல் வழியே பக்கத்து வீட்டைப் பாருங்கள். அங்கே வெளிச்சம் இருந்தால் கோளாறு நம் வீட்டு ஃபியூஸில் இருக்கலாம். தெருவே இருட்டாக இருந்தால் கரண்ட் போயிருக்கும். டாக்டரும் இப்படித்தான் நாடி பார்க்கிறார், நாக்கைப் பார்க்கிறார், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையிலிருந்து வரும் குறிப்பு.

‘ஒவ்வொரு திசை’ என்பதுதான் இதில் முக்கியம். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பத்துப் பேரிடமிருந்து வந்தால் பத்துச் சாட்சி கிடைத்ததாக நினைத்துவிடாதீர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் அப்படியே அனுப்பியிருந்தால் அது ஒரே குறிப்புதான். ஒரே சொல்லைப் பத்து முறை அடித்து அடித்து எழுதினாலும் குறுக்கே ஒரு சொல் வந்து சேராது. அந்தச் செய்தியை வேறு வழியில் சரிபார்க்க முடிகிறதா என்று பாருங்கள். புத்தகத்தில் தேடுங்கள், விவரம் தெரிந்த ஆசிரியரிடம் கேளுங்கள், முடிந்தால் நீங்களே அளந்து பாருங்கள். அங்கும் பொருந்தினால் நம்பலாம். பொருந்தாவிட்டால் எவ்வளவு பிடித்த செய்தியாக இருந்தாலும் அழித்துவிடத் தயங்கக் கூடாது.

இந்த வாரம் நீங்களே ஒரு குறுக்கெழுத்து போட்டுப் பாருங்கள். முதலில் உங்கள் அறிவியல் பாடத்திலிருந்து ஒரு நீளமான சொல்லை நடுவில் எழுதுங்கள். ‘ஒளிச்சேர்க்கை’ நல்ல சொல். அதன் ஒவ்வொரு எழுத்திலும் குறுக்கே எந்தச் சொல் போகும் என்று தேடுங்கள். ‘ளி’யிலும் ‘ச்’சிலும் ‘ர்’ரிலும் ‘க்’கிலும் சொல் தொடங்காது என்பது ஞாபகம் இருக்கட்டும். அந்த எழுத்து நடுவில் வரும்படியான சொல்லைப் பிடியுங்கள். கட்டம் நிறைந்ததும் குறிப்புகளை எழுதுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரே விடைதான் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு விடை வந்தால், அவற்றைப் பிரித்துக் காட்ட ஒரு சந்திப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு அதை உங்கள் நண்பரிடம் கொடுத்து, பென்சிலால் நிரப்பச் சொல்லுங்கள்.